குளிர்காலையில் ஸ்டார்ட் ஆகாத கார்: பாகத்தை மாற்றும் முன் அளவைப் பாருங்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மார்கழி, தை மாதங்களில் நமது அறக்கட்டளைக்கு வரும் வட்டியில்லாக் கடன் விண்ணப்பங்களில் வண்டிப் பழுதுக்கானவை கூடிவிடுகின்றன. கேட்பவர்கள் பெரும்பாலும் கால் டாக்ஸி ஓட்டுகிறவர்கள். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் என்று சவாரி போகிறவர்கள். ஃபஜ்ர் தொழுதுவிட்டு முதல் சவாரிக்குக் கிளம்பும் நேரத்தில் வண்டி மக்கர் செய்தால் அன்றைய வருமானத்தில் பாதி போய்விடுகிறது. விண்ணப்பத்தில் எழுதும் காரணம் ஒன்றுதான்: "காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை, பகலில் ஒரு குறையும் இல்லை."

இந்தக் குறைக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் சில நூறு ரூபாயில் முடிவதும் உண்டு, பல ஆயிரம் வாங்குவதும் உண்டு. எது என்று அளந்து பார்க்காமல், "இதை மாற்றிப் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் அதை மாற்றுவோம்" என்று போகும்போதுதான் குடும்பம் கடனாளி ஆகிறது. பைத்துல்மாலில் இருப்பது நம்மவர் கொடுத்த சதகா, அது அமானத். கடன் வாங்குபவர் மாதாமாதம் திருப்பிக் கட்டுவது தன் பிள்ளைகளின் வாயிலிருந்து எடுத்து. ஆகவே இந்த இதழில் இந்தக் குறையை எப்படிப் பரிசோதிப்பது என்பதை ஒரு பாடமாகவே எழுதுகிறோம். வண்டி ஓட்டுகிறவர் மட்டுமல்ல, அவர் வீட்டாரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி எளிமையாக எழுத முயன்றிருக்கிறோம்.

1. குளிரில் இன்ஜினுக்கு என்ன வேண்டும்?

பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் தீப்பிடிக்கும். இரவெல்லாம் நின்று குளிர்ந்துபோன இன்ஜினில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் உள்சுவர்களில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட, ஸ்டார்ட் செய்யும்போது வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் தர வேண்டும்.

பழைய அம்பாசிடர், பத்மினி, ஆரம்பகால மாருதி 800 ஓட்டிய பெரியவர்களுக்கு இது தெரியும். காலையில் 'சோக்' இழுத்து ஸ்டார்ட் செய்வோம். சூடேறியதும் உள்ளே தள்ளிவிடுவோம். காற்றைக் குறைத்து, பெட்ரோலைக் கூட்டுவதுதான் சோக்கின் வேலை. எப்போது இழுப்பது, எவ்வளவு இழுப்பது என்று தீர்மானித்தது ஓட்டுநரின் அனுபவம்.

இப்போதைய கார்களில் சோக் இல்லை. அந்தத் தீர்மானத்தை இசியூ என்னும் சிறு கம்ப்யூட்டர் எடுக்கிறது. ஆனால் அதற்குக் கண்ணும் இல்லை, குளிர் உணரும் தோலும் இல்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்பதைக் கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார் சொல்ல வேண்டும். உள்ளே வரும் காற்றின் வெப்பத்தை வேறொரு சென்சார் சொல்கிறது. இன்ஜின் சுற்றுகிறதா, பிஸ்டன் எந்த நிலையில் இருக்கிறது என்பதை கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் சொல்கின்றன. சுருக்கமாகச் சொன்னால் இசியூ ஒரு நீதிபதி; சென்சார்கள் சாட்சிகள். சாட்சி பொய் சொன்னால், நீதிபதி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் தீர்ப்பு தவறித்தான் போகும்.

2. முக்கியமான சாட்சி எப்படிப் பேசுகிறது?

கூலண்ட் டெம்பரேச்சர் சென்சாருக்குள் இருப்பது வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு பொருள். பரவலாகப் பயன்படும் ஒரு வகையின் அளவுகள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

0 டிகிரி செல்சியஸில் 5,900 ஓம்
20 டிகிரியில் 2,500 ஓம்
40 டிகிரியில் 1,180 ஓம்
60 டிகிரியில் 600 ஓம்
80 டிகிரியில் 320 ஓம்

உங்கள் வண்டிக்கான சரியான அளவு அதன் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், அதுவே முடிவானது. ஆனாலும் நம் ஊர்க் கார்களில் பெரும்பாலானவை 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓமுக்குள்ளும், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓமுக்குள்ளும் வந்துவிடும்.

இசியூ இந்த சென்சாருக்கு 5 வோல்ட் அனுப்புகிறது. தடை அதிகமாக இருந்தால் வோல்ட் உயரும். 'குளிர்' என்று எடுத்துக்கொள்ளும். தடை குறைந்தால் வோல்ட் இறங்கும்; 'சூடு' என்று எடுத்துக்கொள்ளும். இதை வைத்து இரண்டு வகைக் கோளாறுகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, ஒயர் அறுந்துபோவது அல்லது இரண்டு ஒயரும் ஒட்டிக்கொள்வது. அறுந்தால் இசியூவுக்குச் சுமார் மைனஸ் 40 டிகிரி என்று தெரியும். ஒட்டிக்கொண்டால் 120 டிகிரிக்கும் மேல் என்று தெரியும். இரண்டுமே நம்ப முடியாத பொய். இசியூ உடனே கண்டுபிடித்து செக் இன்ஜின் லைட்டைப் போடும்; சென்சாரைக் கைவிட்டுத் தானே ஓர் உத்தேச அளவை வைத்துக்கொள்ளும். பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேனும் நிற்காமல் ஓடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது.

இரண்டாம் வகைதான் ஆபத்தானது. இன்ஜின் உண்மையில் 20 டிகிரியில் இருக்க, சென்சார் 55 என்கிறது. 55 டிகிரி நடக்கக்கூடிய அளவுதானே? இசியூ நம்பிவிடும்; பல வண்டிகளில் லைட்டும் எரியாது, கோடும் பதியாது. 'இன்ஜின் சூடாகத்தான் இருக்கிறது, கூடுதல் பெட்ரோல் தேவையில்லை' என்று குறைத்துத் தரும். வண்டி செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கும், பிடிக்காது.

அதே சென்சார் பகலில் ஏன் தொல்லை தருவதில்லை? சென்சாருக்குள்ளோ கப்ளருக்குள்ளோ கூலண்ட் கசிந்து, இரண்டு பின்களுக்கும் நடுவே 1,000 ஓம் அளவில் ஒரு கள்ளப் பாதை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் 2,500 ஓமாக இருக்க வேண்டியது, அந்தக் கள்ளப் பாதையும் சேர்ந்து சுமார் 710 ஓமாகிவிடும்; அது 55 டிகிரிக்கான அளவு. ஆனால் 80 டிகிரியில் 320 ஓம் சுமார் 240 ஆகும். 90 டிகிரி என்று தெரியும். 35 டிகிரிப் பொய் 10 டிகிரிப் பொய்யாகச் சுருங்கிவிட்டது. ஆகவே வண்டி பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். 'காலையில் மட்டும் தகராறு' என்பதன் ரகசியம் பல வண்டிகளில் இதுதான்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. கப்ளர் பின்களில் பச்சைக் களிம்பு பிடித்துத் தடை கூடினால், இன்ஜின் உள்ளதைவிடக் குளிர்ச்சி என்று இசியூ நினைக்கும். சூடான இன்ஜினுக்கும் அதிகப் பெட்ரோல் ஊற்றும். அப்போது கறும்புகை, பெட்ரோல் வாடை, மைலேஜ் குறைவு, ஸ்பார்க் பிளக் நனைதல் ஆகியவை தெரியும். இந்தக் குறை குளிர் ஸ்டார்ட்டைவிட, ஓட்டி நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதிகம் தொல்லை தரும்.

3. சென்சாருக்கு முன் பேட்டரி

சென்சாரைப் பற்றி இவ்வளவு சொன்னோம் என்பதற்காக நேராக அங்கே போய்விட வேண்டாம். குளிரில் பேட்டரியின் வலு குறைகிறது. இன்ஜின் ஆயில் கெட்டியாவதால் சுற்றுவதற்கு வலு அதிகம் தேவைப்படுகிறது. ஆகவே முதல் சோதனை பேட்டரிதான்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் வேறு எதையும் பார்க்கும் முன் சார்ஜ் போடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியோ, அதன் டெர்மினலோ, எர்த் கேபிளோ சரியில்லை. ஸ்டார்ட் ஆன பிறகு 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது என்று பொருள்.

பலவீனமான பேட்டரி சென்சார் கோளாறு போலவே நடிக்கும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் காந்த வகை கிராங்க் சென்சாரின் சிக்னலும் பலவீனமாகிவிடும். வோல்ட் இறங்கினால் இசியூவே தடுமாறும். பேட்டரியைச் சரிபார்க்காமல் பார்க்கும் ஸ்கேனர் கோடுகளை நம்ப வேண்டாம்.

4. எந்த விதமான சிரமம்?

மெக்கானிக்கிடம் 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று மட்டும் சொன்னால் போதாது. எப்படி என்று கவனித்துச் சொல்லுங்கள். அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

செல்ஃப் சுற்றவே இல்லை, அல்லது 'டிக் டிக்' என்கிறது: பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார் பக்கம் பாருங்கள். கூலண்ட் சென்சாருக்கு இதில் வேலையில்லை.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, நெடுநேரம் கழித்துப் பிடிக்கிறது: சாவியை ஆன் செய்து இரண்டு விநாடி நிறுத்தி, ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால், இரவில் பெட்ரோல் லைனின் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பம்ப்பின் நான்-ரிட்டர்ன் வால்வு, இன்ஜெக்டர் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எந்த மாற்றமும் இல்லை என்றால் டெம்பரேச்சர் சென்சார், கேம் சென்சார் பக்கம் சந்தேகம் கூடுகிறது.

ஆக்ஸிலேட்டரைச் சற்று மிதித்தால் பிடிக்கிறது, காலை எடுத்தால் அணைகிறது: த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெட்ரோல் வாடை வருகிறது, பிளக் நனைந்திருக்கிறது: ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்போது இசியூ பெட்ரோலை நிறுத்திவிடும். உள்ளே தேங்கியது வெளியேறும்.

5. இரண்டு சாட்சிகளை ஒப்பிடும் காலைச் சோதனை

இனி இந்தப் பாடத்தின் நடுநாயகமான சோதனைக்கு வருவோம். இதற்கு ஓபிடி ஸ்கேனர் தேவை. 2013 ஏப்ரல் முதல் நம் நாட்டில் ஓபிடி இரண்டாம் நிலை கட்டாயமாக்கப்பட்டதால், அதற்குப் பிந்தைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளைகள் கொண்ட கப்ளர் இருக்கும். முந்தைய பல கார்களிலும் உண்டு. விலை குறைந்த ப்ளூடூத் ஸ்கேனரும் ஒரு கைப்பேசியும் இந்தச் சோதனைக்குப் போதும்.

முதல் நாள் இரவு வண்டியை நிழலான இடத்தில் நிறுத்துங்கள். குறைந்தது எட்டு மணி நேரம் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஃபஜ்ருக்குப் பின் வெயில் ஏறும் முன் ஸ்கேனரை மாட்டி, சாவியை ஆன் செய்யுங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். 'லைவ் டேட்டா' பகுதியில் கூலண்ட் வெப்பம், உள்வரும் காற்றின் வெப்பம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அருகில் ஒரு சுவர் தெர்மாமீட்டர் இருந்தால் அதையும் பாருங்கள்.

இரவெல்லாம் ஒரே இடத்தில் நின்ற இரண்டு சாட்சிகள் அவை. இரண்டும் ஏறத்தாழ ஒரே பதிலைச் சொல்லியாக வேண்டும். ஐந்து டிகிரிக்குள் வேறுபாடு இருந்தால் பரவாயில்லை. ஒன்று 21 என்றும் மற்றொன்று 50 என்றும் சொன்னால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்பதை மூன்றாவது சாட்சியான தெர்மாமீட்டர் சொல்லிவிடும்.

இதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகிறது. ஒரு பாகத்தையும் கழற்ற வேண்டாம். ஆனால் காலையில் மட்டுமே செய்ய முடியும். வண்டியை ஓட்டிக்கொண்டுபோய்ப் பதினோரு மணிக்கு ஒர்க்‌ஷாப்பில் விட்டால் இன்ஜின் சூடாக இருக்கும், பொய் மறைந்துவிடும். ஆகவே வண்டியை முதல் நாள் மாலையே ஒர்க்‌ஷாப்பில் விட்டு, காலையில் குளிர்ந்த நிலையில் பார்க்கச் சொல்லுங்கள். அல்லது வீட்டிலேயே பார்த்து, ஸ்கேனர் திரையைப் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

6. சென்சாரா, ஒயரா?

அளவு தவறு என்று தெரிந்ததும் சென்சாரை வாங்கிவிட வேண்டாம். இன்னும் ஒரு படி இருக்கிறது.

இரண்டு ஒயர் கொண்ட சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். பின்களில் ஈரம், களிம்பு, கூலண்ட் கறை இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்திலும், இன்ஜின் பகுதியைத் தண்ணீர் பீச்சிக் கழுவிய பின்பும் இது சகஜம். எலி கடித்த ஒயரும் நம் பக்கம் சகஜம். பிறகு சாவியை ஆன் செய்து ஸ்கேனரைப் பாருங்கள். கழற்றிய நிலையில் மைனஸ் 40 அளவில் காட்ட வேண்டும். கப்ளரின் இரு துளைகளையும் ஒரு மெல்லிய ஒயரால் இணைத்தால் 120க்கும் மேல் தாவ வேண்டும். இரண்டும் நடந்தால் ஒயரும் இசியூவும் சரி, குறை சென்சாரில்தான். நடக்கவில்லை என்றால் சென்சாரை மாற்றிப் பயனில்லை. ஒயரைத் தேட வேண்டும். சில வண்டிகளில் இசியூ உடனே உத்தேச அளவைக் காட்டிவிடும். அப்படியானால் கப்ளரில் 5 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள்.

அடுத்து சென்சாரின் இரு பின்களிலும் மல்டிமீட்டர் வைத்துத் தடையை அளந்து, மேலே தந்த அளவோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் மெக்கானிக் அதைக் கழற்றி, சுடுநீரில் வைத்து, தெர்மாமீட்டருடன் அளந்து பார்க்கலாம். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியையோ இந்த சென்சாரையோ ஒருபோதும் கழற்றாதீர்கள். கொதிக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும்.

7. கோடு என்பது புகார், தீர்ப்பு அல்ல

செக் இன்ஜின் லைட் எரிந்தால் ஸ்கேனரில் ஒரு கோடு வரும். பி 0117 என்றால் கூலண்ட் சென்சார் சுற்றில் வோல்ட் மிகக் குறைவு. பி 0118 என்றால் மிக அதிகம். பி 0116 என்றால் அளவு நம்பும்படி இல்லை. பி 0335 கிராங்க் சென்சார் சுற்று, பி 0340 கேம் சென்சார் சுற்று.

'சுற்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். சென்சார், கப்ளர், ஒயர், எர்த் எல்லாம் சேர்ந்ததுதான் சுற்று. கோடு ஒரு தெருவைக் காட்டுகிறது. வீட்டை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். பி 0118 வந்ததும் சென்சாரை மாற்றுவது, புகார் வந்ததும் விசாரிக்காமல் தண்டனை தருவது போன்றது.

மத்ரஸாவில் ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு ஓர் அடிப்படை விதி நினைவிருக்கும்: உறுதியாகத் தெரிந்ததை வெறும் சந்தேகத்தால் நீக்க முடியாது. ஒளு இருப்பது உறுதி, முறிந்ததா என்பது சந்தேகம் என்றால் ஒளு இருக்கிறது என்றே கொள்வோம். அளந்து பார்த்துச் சரி என்று தெரிந்த பாகத்தைச் சந்தேகத்தின் பேரில் தூக்கி எறிவதும் இந்த விதிக்கு மாறானதே. அது இஸ்ராஃப், வீண்விரயம்.

8. ஒரு விண்ணப்பம் சொன்ன பாடம்

சென்ற ஆண்டு டிசம்பரில் ஒரு சகோதரர் 18,000 ரூபாய் கடன் கேட்டு வந்தார். பெட்ரோல் கார், கால் டாக்ஸியாக ஓடுகிறது. காலையில் பத்துப் பதினைந்து விநாடி செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும். ஏற்கெனவே பிளக்குகளும் பேட்டரியும் மாற்றிவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் அடுத்ததாகப் பெட்ரோல் பம்ப்பும் இன்ஜெக்டர்களும் மாற்ற வேண்டும் என்று எழுதித் தந்திருந்தார்கள். செக் இன்ஜின் லைட் எரியவில்லை.

கடனை முடிவு செய்யும் முன் அளவுகளைப் பார்த்துவிடலாம் என்று கமிட்டி கருதியது. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் ஃபஜ்ருக்குப் பின் அவர் வீட்டுக்குப் போனார். சாவி ஆன் செய்ததும் காற்று 21 டிகிரி, கூலண்ட் 54 டிகிரி என்று காட்டியது. சுவர் தெர்மாமீட்டரும் 21தான். கப்ளரைக் கழற்றியபோது பின்களில் கூலண்ட் ஈரம். துடைத்துக் காயவைத்து அளந்தும் சென்சாரின் தடை 730 ஓம். 2,400 அளவில் இருந்திருக்க வேண்டும். கசிவு சென்சாரின் உடலுக்குள்ளேயே இருந்தது. புது சென்சாரும் வாஷரும் சேர்த்துச் சில நூறு ரூபாய் ஆயிற்று. மறுநாள் காலை முதல் சுற்றிலேயே பிடித்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்த ஒர்க்‌ஷாப்காரர் ஏமாற்றினார் என்று நாங்கள் சொல்லவில்லை. பகலில், சூடான இன்ஜினில் பார்த்தவருக்கு இந்தக் குறை தெரிய வாய்ப்பே இல்லை. ஆனால் அந்தக் கடன் வழங்கப்பட்டிருந்தால் பம்ப்பும் இன்ஜெக்டரும் மாறியிருக்கும். குறை அப்படியே இருந்திருக்கும். சகோதரர் ஒன்றரை ஆண்டு தவணை கட்டியிருப்பார்.

9. மற்ற சாட்சிகள்

கிராங்க் சென்சார்: செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் இன்ஜின் வேகம் 150 முதல் 300 வரை காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றியும் பூஜ்யமே காட்டினால் கிராங்க் சென்சார் அல்லது அதன் ஒயர். ஆனால் இந்த சென்சார் சூட்டில் மறுத்து, ஆறியபின் வேலை செய்வதுதான் அதிகம். ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்று, அரை மணி கழித்துப் பிடிக்கிறது என்றால் இதை நினையுங்கள்.

கேம் சென்சார்: இது கெட்டால் எந்த சிலிண்டரின் முறை என்பது இசியூவுக்கு உடனே தெரியாது. பல வண்டிகளில் நெடுநேரம் சுற்றியபின் பிடிக்கும், அதன்பின் ஓடும்.

மேப் சென்சார்: இன்ஜின் ஓடாதபோது இது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சமவெளியில் 100 கிலோ பாஸ்கல் அளவில் இருக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 77 அளவில்தான் காட்டும், அது குறையல்ல. மலையில் அளவைப் பார்த்து சென்சார் கெட்டது என்று முடிவு செய்ய வேண்டாம்.

தெர்மோஸ்டாட் வால்வு: 'இன்ஜின் சூடாகாமல் இருக்கட்டும்' என்று இதைக் கழற்றிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அப்போது இன்ஜின் உரிய சூட்டை அடையவே நேரமாகும், இசியூ குளிர் என்றே நினைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தரும், மைலேஜ் போகும். சென்சார் இங்கே உண்மையைத்தான் சொல்கிறது.

10. டீசல் வண்டிகளுக்கு

டீசலில் தீப்பொறி இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் எரிய வேண்டும். குளிரில் அந்தச் சூடு போதாதபோது ஹீட்டர் பிளக் உதவுகிறது. சமவெளியில் ஹீட்டர் பிளக் கெட்டிருந்தாலும் பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகிவிடும். சவாரிக்கு ஊட்டி போய் இரவு தங்கினால் மறுநாள் காலையில்தான் குட்டு வெளிப்படும். அங்கே டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிறது. எத்தனை விநாடி ஹீட்டரை இயக்குவது என்று இசியூ தீர்மானிப்பதும் அதே கூலண்ட் சென்சாரை வைத்துத்தான். சென்சார் 'சூடு' என்று பொய் சொன்னால் நல்ல ஹீட்டர் பிளக்கும் சும்மா இருக்கும். ஆகவே டீசலுக்கும் மேற்சொன்ன காலைச் சோதனையே முதலில்.

காமன்ரெயில் வண்டிகளில் ரெயில் அழுத்தம் ஏறத்தாழ 200 முதல் 250 பார் வந்தால்தான் இன்ஜெக்டர் திறக்கும். இரவு முழுதும் நின்ற வண்டியில், சாவி ஆன் நிலையில் ரெயில் அழுத்தம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நிறுத்தியிருக்கும்போதே பெரிய அளவு காட்டினால் அந்த சென்சார் பொய் சொல்கிறது. செல்ஃப் அடிக்கும்போது அழுத்தம் ஏறவே இல்லை என்றால் டீசல் லைனில் காற்று, ஃபில்டர் அடைப்பு, இன்ஜெக்டர் ரிட்டர்ன் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

11. செய்யக் கூடாதவை

பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். திரும்பத் திரும்பத் தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். ஏர் ஃபில்டரில் பெட்ரோல் தெளிக்காதீர்கள். ஹீட்டர் பிளக் உள்ள டீசல் வண்டியில் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது இன்ஜினையும் உடைக்கும், ஆளையும் காயப்படுத்தும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள்; அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாடையின்றிக் கொல்லும்.

12. நமது வேண்டுகோள்

மெக்கானிக் சகோதரர்களே! உங்கள் கைகளில் இருப்பது இன்னொரு குடும்பத்தின் ரிஸ்க்குக்கான வழி. 'எதை மாற்ற வேண்டும்' என்று எழுதும்போது, 'என்ன அளவு கிடைத்தது' என்பதையும் எழுதிக் கொடுங்கள். கழற்றிய பாகத்தைக் காட்டுங்கள். அளந்து பார்ப்பதற்கு உரிய கூலியைத் தயங்காமல் கேளுங்கள். வண்டி உரிமையாளர்களே! அந்தக் கூலியை மனமுவந்து கொடுங்கள். 'ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குப் பணம்?' என்று நாம் கேட்பதால்தான் அளப்பதை விட்டுவிட்டு மாற்றுவதில் இறங்குகிறார்கள். சரியான குறையைக் கண்டுபிடித்ததற்குத் தரும் 500 ரூபாய், தேவையில்லாத பாகத்துக்குத் தரும் 10,000 ரூபாயை மிச்சப்படுத்துகிறது.

இனி வண்டிப் பழுதுக்காக வட்டியில்லாக் கடன் கேட்பவர்கள் விண்ணப்பத்துடன் ஒரு தாளில் இவற்றை எழுதி இணைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்:

காலையில் பேட்டரி வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்.
குளிர்ந்த நிலையில் கூலண்ட் வெப்பம், காற்று வெப்பம், தெர்மாமீட்டர் அளவு.
சாவியை மூன்று முறை ஆன் செய்து பார்த்ததில் மாற்றம் உண்டா, இல்லையா.
ஸ்கேனரில் வந்த கோடுகள், இருந்தால்.
ஏற்கெனவே மாற்றிய பாகங்கள்.

இது கடனைத் தட்டிக் கழிப்பதற்காக அல்ல. கேட்டவருக்கு அது உண்மையில் பயன்பட வேண்டும் என்பதற்காக. ஸ்கேனரும் மல்டிமீட்டரும் இல்லாதவர்கள் அலுவலகத்தில் சொன்னால், அளந்து பார்க்க ஒருவரை அனுப்ப ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

ஹலாலான உழைப்பில் பிழைக்கும் நம் சகோதரர்களின் வாகனங்களிலும் வருமானத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவர்களுடைய பயணங்களைப் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக. ஆமீன்.